கரண்டி கைமாறிய நாள்

பண்ருட்டியில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். மாதம் ஒரு ஞாயிறு, முதலாளி எடுத்துவைக்கும் கத்தரி, பூசணி மூட்டைகளோடு வடலூர் தருமச்சாலைக்குப் போவேன். சொத்தை கித்தை கிடையாது, அன்றைக்கு வந்த சரக்குதான்.

1867 மே 23 அன்று வள்ளலார் அங்கே மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. அணையா அடுப்பு என்றதும் ஏதோ அகல்விளக்கு அளவில் இருக்குமென்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. 21 அடி நீளம்! கிட்டே நின்றால் வேட்டியைத் தாண்டி முழங்காலில் அனல் ஏறும். உலை இல்லாத ராத்திரியிலும் யாராவது விறகைத் தள்ளிவிட்டபடி இருப்பார்கள். சாலைக்கு நிலம் கொடுத்தது ராஜாவோ ஜமீனோ அல்ல, பார்வதிபுரத்து ஊர்க்காரர்கள். 80 காணி.

சாப்பிட வருகிறவரிடம் ஊர், சாதி, மதம் எதுவும் கேட்பதில்லை. ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற தம் நூலில் வள்ளலார் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: பசித்தவனுடைய நடத்தையைக்கூட விசாரிக்கக் கூடாது என்கிறார். பசி வந்தால் கண் குழிவது, காது அடைப்பது, நா வறள்வது என்று உறுப்பு உறுப்பாக எழுதியிருக்கிறார், நாடி பிடித்த வைத்தியர் மாதிரி. அந்த நிலையில் இருப்பவனிடம் என்ன விசாரணை வேண்டிக்கிடக்கிறது?

படித்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை. போன ஐப்பசியில் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தேன். இஸ்திரி போட்ட சட்டை, கையில் வாட்ச், பக்கத்தில் செல்போன். இப்படி ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். இவருக்கென்ன குறை என்று தோன்றிவிட்டது. கரண்டி தானாகப் பாதியில் நின்றது. ஆள் பார்த்துக் கொடுப்பது மண்டிப் புத்தி. கடன் கொடுக்க அது வேண்டும்தான்.

பின்னால் அப்பளக் கூடையோடு வந்த அம்மாள் கவனித்துவிட்டார். வருஷக்கணக்காக அங்கே பரிமாறுகிறவர். கூடையை இறக்கிவைத்து, என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"தம்பி, நீங்க போய்ப் பூசணி நறுக்குங்க."

முகத்தில் கோபமே இல்லை. அந்த ஆளின் சோற்றில் குழி பறித்து, தளும்பத் தளும்ப ஊற்றினார்.

நான் அரிவாள்மனை முன்னால் போய் உட்கார்ந்தேன். நாலு பூசணிக்காய் இருந்தது. இரண்டாவதை நறுக்கும்போது எட்டிப் பார்த்தேன். அவர் மறுசோறு வாங்கிக்கொண்டிருந்தார்.