பாங்கோவும் கிளாவேயும்: தமிழ்த் தாளக் கலைஞரின் தொழில்வாழ்வில் ஆப்பிரிக்க – கியூபத் தோற்கருவிகள்

தாம்பரம், மேடவாக்கம், பெரும்பாக்கம் என விரியும் தென்சென்னைப் புறநகரில் டிரம்ஸ் பயிலும் மாணவர் பலருக்கு, இலண்டன் டிரினிட்டி கல்லூரி போன்ற அமைப்புகள் நடத்தும் தரநிலைத் தேர்வுகளே குறிக்கோளாக அமைகின்றன. சாம்பா, போசா நோவா முதலிய இலத்தீன் அமெரிக்கத் தாளநடைகளும் அத்தேர்வுகளில் இடம்பெறுவதுண்டு. ஆயினும் இவ்வகை இசையும் அதற்குரிய கருவிகளும் தமிழகத்திற்குத் தேர்வுத்தாள் வழியே வந்தவை அல்ல. பல பத்தாண்டுகளுக்கு முன்னரே கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் பாங்கோ, காங்கா, மராக்கஸ் ஆகியவை ஒலித்தன. அவற்றை வாசித்துக் குடும்பம் நடத்திய கலைஞர்களின் தொழில், ஒரு கல்வி மரபாக ஏன் நிலைபெறவில்லை என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

கருவிகள் வந்த வழி

காங்கா, பாங்கோ ஆகிய இரண்டும் கியூபாவில் உருப்பெற்றவை. கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட யொருபா, காங்கோ மக்களின் முழவு மரபே இவற்றின் வேர். 1930இல் நியூயார்க்கில் டான் அஸ்பியாசு குழு பதிவுசெய்த ‘எல் மனிசெரோ’ என்னும் பாடல், ‘ரும்பா’ என்ற பெயரில் இவ்விசையை உலகெங்கும் பரப்பியது. 1947இல் சானோ போசோ என்னும் காங்காக் கலைஞர் டிசி கில்லெஸ்பியின் ஜாஸ் குழுவில் இணைந்தபோது, தோற்கருவி பின்னணியிலிருந்து மேடையின் முன்வரிசைக்கு வந்தது.

இந்தியாவில் இக்கருவிகளுக்கு வாழ்வளித்தது திரைப்படம். பம்பாயில் பார்சி சமூகத்தைச் சேர்ந்த காவஸ் லார்ட், இந்தித் திரையிசையில் பாங்கோ, காங்கா வாசிப்புக்கு வழிவகுத்த முன்னோடி. அவருடைய மைந்தர்கள் கெர்சி, புஜி ஆகியோரும் அத்துறையிலேயே புகழ்பெற்றனர். தந்தையிடமிருந்து மக்களுக்குத் தொழில் சென்ற இம்முறை சென்னையிலும் காணப்பட்டது. இன்று உலகறிந்த தாளக் கலைஞரான சிவமணியின் தந்தை எஸ். எம். ஆனந்தனும் திரையிசைத் தாளக் கலைஞரே. 1960களில் விசுவநாதன் – இராமமூர்த்தி இசையமைத்த கேளிக்கைப் பாடல்கள் பலவற்றில் பாங்கோவின் ஒலி கதைக்களத்தையே உணர்த்தியது. அவ்வொலி எழுந்தாலே நடன விடுதி என்று அவையோர் அறிந்துகொண்டனர். வாசித்தவர் பெயரோ இசைத்தட்டின் உறையில் பெரும்பாலும் அச்சிடப்படவில்லை.

வராத ஒன்று

கருவி வந்தது; கிளாவே வரவில்லை. கிளாவே என்பது இரு கட்டைகளைத் தட்டி எழுப்பும் ஐந்து அடிகளாலான சட்டகம். கியூப இசையின் முதுகெலும்பு இதுவே. பதினாறு மாத்திரைகளைத் தகிட, தகிட, தகதிமி, தக, தகதிமி (3+3+4+2+4) எனப் பகுத்து, ஒவ்வொரு சொற்கட்டின் முதலெழுத்தில் மட்டும் தட்டினால் ‘சோன்’ கிளாவே கிடைத்துவிடும். மூன்றாம் அடியை ஒரு மாத்திரை தள்ளி 3+4+3+2+4 என ஆக்கினால் அது ‘ரும்பா’ கிளாவே. மிருதங்கம் பயின்ற ஒருவருக்கு இக்கணக்கு ஒரு நிமிட வேலை.

வேறுபாடு கணக்கில் இல்லை. அதன் பணியில் உள்ளது. கருநாடக இசையில் தாளம் கையால் எண்ணப்படும் நிலையான அளவு. சீரற்ற பகுப்புகள் அதன்மேல் விளையாடிச் சமத்தில் வந்து சேர்கின்றன. கியூப இசையிலோ சீரற்ற பகுப்பே நிலையான அளவாகும். பாடல் முடியும்வரை அது மாறாது. காங்கா, பியானோ, பாடகர் குரல் அனைத்தும் அதற்கு இசைந்தே செல்லவேண்டும். முன்பாதியையும் பின்பாதியையும் இடம் மாற்றி வாசிப்பது அங்குப் பெரும்பிழை. திரைப்பாடலின் மெட்டோ கிளாவேயை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டதன்று. ஆகவே நான்கடித் தாளத்தின்மேல் பூசப்பட்ட வண்ணமாகவே பாங்கோ நின்றது. இதைக் கலைஞர்களின் குறையாகக் கொள்வது பொருந்தாது. இசையமைப்பாளர் கேட்டதை அந்த நொடியே வாசித்துத் தருவதற்காகவே அவர்களுக்குக் கால்ஷீட் கணக்கில் ஊதியம் வழங்கப்பட்டது. அவ்வாறு தருவது எளிய திறனும் அன்று.

ஆனால் வண்ணம் என்ற அளவில் நின்ற ஒன்றைப் பாடமாக்குதல் கடினம். ‘புன்னகை மன்னன்’ (1986) படத்தில் கணினிவழி இசை பயன்பட்ட பின்னர், தாளத்தை முன்கூட்டியே நிரல்படுத்தும் முறை பரவலாயிற்று. பதிவு செய்யப்பட்ட காங்கா ஒலியை ஒரு பொத்தானால் எழுப்ப இயன்றபோது, ஒலிக்காக மட்டும் அழைக்கப்பட்டவரின் தேவை குறைந்தது. சிவமணி போன்று மேடையைத் தம் களமாக்கிக்கொண்டவர் நிலைபெற்றனர். கூடத்தையே நம்பியிருந்தவர்க்கு, மாணவருக்குக் கொடுக்க ஏட்டில் எழுதிய பாடம் ஏதும் கையில் இல்லை.

எதிர்த்திசைப் பயணம்

இதே காலத்தில் தமிழ்த் தாளக் கலைஞர் சிலர் மறுதிசையில் சென்றனர். 1991இல் மிக்கி ஹார்ட் வெளியிட்ட ‘பிளானெட் டிரம்’ தொகுப்பில் கடக் கலைஞர் தே. ஹ. விநாயக்ராம், போர்ட்டோ ரிக்கோவின் காங்கா மேதை ஜியோவானி இடால்கோ, நைஜீரியாவின் பாபதுண்டே ஒலாதுஞ்சி, பிரேசிலின் ஐர்டோ மொரெய்ரா, தபலா மேதை ஜாகிர் உசேன் ஆகியோர் இணைந்து வாசித்தனர். உலக இசைக்கெனப் புதிதாக ஏற்படுத்தப்பட்ட கிராமி விருதை 1992இல் முதன்முதலாகப் பெற்றது அத்தொகுப்பே.

அங்கு விநாயக்ராம் வண்ணம் சேர்க்க அழைக்கப்பட்டவர் அல்லர். இடால்கோவுக்கு நிகராக அமர்ந்தவர். அவருக்குப் பின்னால் ஒரு பள்ளியே இருந்தது. அவர் தந்தை ஹரிஹர சர்மா 1958இல் சென்னையில் தொடங்கிய ஸ்ரீ ஜெயகணேஷ் தாளவாத்திய வித்யாலயா அது. வாயால் சொல்லிக் கையால் வாசிக்கும் சொற்கட்டு முறை, எந்த நாட்டு மாணவருக்கும் கற்றுத்தரத்தக்கது. தஞ்சாவூர் இரங்கநாதன் 1963 முதல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலும், திருச்சி சங்கரன் 1971 முதல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்திலும் மிருதங்கம் கற்பித்தமை இதற்குச் சான்று. இடால்கோவின் வாழ்வும் இத்தகையதே. கியூபக் கலைஞர் சாங்கித்தோவிடம் பெற்ற நுட்பங்களை அவர் 1990களில் பாஸ்டன் நகரின் பெர்க்லி இசைக்கல்லூரியில் பாடமாக்கினார். வாசிப்பவர் ஆசிரியராகும்போது தொழிலுக்கு இரண்டாம் கால் கிடைக்கிறது. மேடை குறைந்த ஆண்டுகளிலும் அவரால் நிற்க முடிகிறது.

பெரும்பாக்கத்துக் கைகள்

செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் புதிய வளாகம் 2022இல் திறக்கப்பட்ட பெரும்பாக்கத்திலேயே, கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்கென 20,000க்கும் மேற்பட்ட அடுக்ககக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. கானாவும் சாவு மேளமும் வளர்ந்தவை சென்னையின் இத்தகைய உழைக்கும் மக்களின் வாழிடங்களே. 2018 சனவரியில் முதன்முதலாக மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, சட்டி, கட்டமோளம், பறை ஆகியவற்றை டிரம்ஸுக்கு இணையாக நிறுத்தி வாசித்தது. கியூபாவில் கப்பல்துறைத் தொழிலாளரின் ரும்பா, நெடுங்காலம் இழிவாகக் கருதப்பட்டுப் பின்னரே கலைப்பள்ளிகளுக்குள் நுழைந்தது என்பதை இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

தமிழக மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டுவரும் பிரிவுகள் ஏழு: குரலிசை, தேவாரம், நாதசுரம், தவில், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம். காங்காவுக்கு அங்கு இடமில்லாதது வியப்பன்று. சட்டிக்கும் கட்டமோளத்துக்கும் இந்த ஏழனுள் இடமில்லை. அவ்வடிகளைச் சொற்கட்டாக எழுதிவைக்கும் பணியைத் தொடங்குவதற்குரிய ஆய்வு நிறுவனமும், அவ்வடிகளை அறிந்த கைகளும் பெரும்பாக்கத்தில் ஒரே ஊரில் அமைந்துள்ளன.