படகு இன்ஜின் பலகையை மழைநீரிடமிருந்து காப்பது எப்படி?

பேராக் ஆற்றில் தெலுக் இந்தான் முதல் பாகான் டத்தோ வரை, வார இறுதியானால் தூண்டிலோடு சிறு படகுகளில் இறங்குவோர் உண்டு. இன்ஜினுக்கு கியர் எண்ணெய் மாற்றுவதிலும் பிளக் துடைப்பதிலும் காட்டும் அக்கறையை, அந்த இன்ஜினைத் தாங்கும் பின்பலகையின் மீது காட்டுவோர் குறைவு. நடு ஆற்றில் அந்தப் பலகை விட்டுப் போனால், பல ஆயிரம் வெள்ளி இன்ஜின் மட்டும் மூழ்காது. உடைந்த பின்பக்கம் வழியாகப் படகுக்குள்ளும் தண்ணீர் புகும்.

15 குதிரைத்திறன் கொண்ட டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் எடை ஏறத்தாழ 36 கிலோ. ஆனால் பலகையைச் சோதிப்பது எடை மட்டுமல்ல. படகு முன்னே ஓடும்போது, கீழே சுழலும் புரொப்பெல்லர் பலகையின் அடிப்பகுதியை உள்ளே தள்ளுகிறது. மேலே உள்ள கிளாம்ப் பலகையைப் பின்னால் இழுக்கிறது. கடப்பாரையால் நெம்புவது போன்ற இந்த வேலை ஒவ்வொரு பயணத்திலும் நடக்கிறது.

பலர் உப்புத் தண்ணீர்தான் மரத்தைக் கெடுக்கும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் மரத்தை மக்கச் செய்வது பூஞ்சை. உப்பு அதன் வளர்ச்சியைத் தடுக்கும். மழைநீரும் ஆற்று நீரும் அதற்கு இடம் கொடுக்கும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. பல ஃபைபர் படகுகளிலும் பின்பக்க உறைக்குள் பிளைவுட் இருக்கிறது. போல்ட் துளை வழியாக இறங்கும் மழைநீர் அங்கேயே தங்கிவிடுகிறது. வெளியே பார்த்தால் பெயிண்ட் பளபளக்கும். உள்ளே மரம் மக்கிக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கச் சில எளிய வழிகள் உள்ளன. இன்ஜினைக் கழற்றிவிட்டு, ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் பலகை முழுவதும் தட்ட வேண்டும். 'டக் டக்' என்று கேட்டால் நல்லது. 'தொப் தொப்' என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே கெட்டிருக்கக்கூடும். போல்ட் துளையிலிருந்து பழுப்பு நிற நீர் கசிவதும், ஒவ்வொரு முறையும் கிளாம்பை மறுபடி இறுக்க வேண்டியிருப்பதும் ஆபத்தின் அறிகுறிகளே.

கிளாம்ப் அழுத்தும் மேல் பலகை மட்டும் கெட்டிருந்தால், கைவேலை தெரிந்தவர்கள் தாங்களே மாற்றலாம். செங்கால் போன்ற உறுதியான மரம் நல்லது. கனத்த மரம் என்பதால் பசையை மட்டும் நம்பாமல் போல்ட்டும் போட வேண்டும். பிளைவுட் என்றால் படகுக்கென்றே செய்யப்பட்ட மரைன் பிளைவுட்டைக் கேட்டு வாங்க வேண்டும்; அலமாரி செய்யும் பிளைவுட் நனைந்தால் பிரிந்துவிடும். 18 மில்லிமீட்டர் பலகைகள் இரண்டை எபோக்சி பசையால் ஒட்டினால் 36 மில்லிமீட்டர் கனம் கிடைக்கும். பிளைவுட் தண்ணீரை உறிஞ்சுவது பெரும்பாலும் அதன் வெட்டு விளிம்பில்தான். ஆகவே விளிம்புகளுக்கு எபோக்சியை இரண்டு மூன்று முறை பூச வேண்டும்.

அடுத்து, போல்ட் துளை. 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு முதலில் 12 மில்லிமீட்டர் துளை போட்டு, கெட்டியாகக் கலந்த எபோக்சியால் அதை முழுமையாக அடைக்க வேண்டும். அது நன்கு இறுகிய பின் நடுவில் 8 மில்லிமீட்டர் துளை போட வேண்டும். இப்போது போல்ட் மரத்தைத் தொடாது. நீர் கசிந்தாலும் மரத்துக்குப் போகாது. துருப்பிடிக்காத எஃகு போல்ட், அகலமான வாஷர், படகுக்குரிய சீலன்ட் ஆகியவற்றையே பயன்படுத்த வேண்டும்.

ஃபைபர் உறைக்குள் இருக்கும் மரமே மக்கியிருந்தால், மேலே புட்டி பூசுவதோ புதுப் பலகை அடிப்பதோ பயன் தராது. உறையை வெட்டி, மக்கிய மரம் முழுவதையும் எடுத்து, புதிதாகக் கட்ட வேண்டும். இதை ஃபைபர் படகு வேலை தெரிந்தவர்களிடம் விடுவதே நல்லது.

புதுப் பலகை பழைய உயரத்திலேயே இருக்க வேண்டும். குட்டைத் தண்டு இன்ஜினுக்கு ஏறத்தாழ 15 அங்குலம், நீளத் தண்டுக்கு 20 அங்குலம் என்பது பொது அளவு. பலகை உயர்ந்துவிட்டால் புரொப்பெல்லர் காற்றை இழுக்கும். இன்ஜின் அலறுமே தவிர படகு நகராது. குளிர்விக்கும் தண்ணீர் சரியாக ஏறாமல் இன்ஜின் சூடாகவும் கூடும்.

வேலை முடிந்த பின் முதல் பயணம் கரையோரமாக, குறைந்த வேகத்தில் இருக்கட்டும். திரும்பியதும் கிளாம்பையும் போல்ட்டையும் மறுபடி இறுக்க வேண்டும். இன்ஜினைச் சங்கிலியாலோ கயிற்றாலோ படகின் வேறொரு உறுதியான வளையத்தில் கட்டுவது அவசியம். அதே பலகையில் கட்டினால் பலகையோடு சேர்ந்து இன்ஜினும் போய்விடும்.

படகைக் கரையில் ஏற்றியதும் அடி அடைப்பானைக் கழற்றி, முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, மேலே கேன்வாஸ் போர்த்தினால் மழைநீர் தேங்காது. செலவில்லாத இந்தப் பழக்கம் பலகையின் ஆயுளைப் பல ஆண்டுகள் கூட்டும்.