பத்து நிமிஷந்தான்!

தீபாவளிக்குப் பத்து நாள் முன்னதாக, மாலை ஆறு மணிக்கு, தியாகராய நகர் பனகல் பூங்காவைச் சுற்றி மோட்டார் ஓட்டிப் பார்த்தவர்களுக்குப் பொறுமையைப் பற்றி எந்த மகானும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. சென்ற வருஷம் அந்த உபதேசத்தை அடியேனும் பெற்றேன்.

வீட்டிலிருந்து பூங்காவுக்கு வந்து சேர அரை மணி ஆயிற்று. வந்து சேர்ந்த பிறகு வண்டியை நிறுத்த ஓர் இடம் தேடியதில் முக்கால் மணி போயிற்று. முன்னால் பஸ், பின்னால் ஆட்டோ, இரு பக்கமும் ஸ்கூட்டர்கள். இவற்றுக்கு நடுவே கைக்குழந்தையுடன் சாலையைக் கடக்கும் தாய்மார்கள். ஒரு கண் இவர்கள் மேல் இருக்க வேண்டும். மற்றொரு கண் ஓரத்தில் எங்கேனும் வண்டி ஒன்று கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும்.

"நாம் ஜவுளி வாங்க வந்தோமா, பூங்காவைப் பிரதட்சிணம் செய்ய வந்தோமா?" என்று கேட்டாள் என் மனைவி.

"அப்பா, அந்தப் பூக்கார அம்மாளை மூன்று தடவை பார்த்துவிட்டோம்" என்றாள் பின்னாலிருந்த என் மகள்.

நாலாவது தடவை பார்ப்பதற்கு எனக்கு வெட்கமாயிருந்தது. பக்கத்துச் சந்து ஒன்றில் வண்டியைத் திருப்பினேன். தெருமுனையிலேயே சிறிது இடம் காலியாக இருந்தது. வண்டி நிறுத்தக் கூடாது என்னும் பலகையும் அங்கே இருந்தது. ஆனால் அந்தப் பலகைக்கு அடியிலேயே வேறு இரண்டு வண்டிகள் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தன. "பத்து நிமிஷந்தானே!" என்று சொல்லிக்கொண்டு, மூன்றாவதாக என் வண்டியையும் நிறுத்திவிட்டு இறங்கினேன்.

என்ன நடந்தது என்பதைச் சொல்லுமுன், இந்த இடப் பஞ்சம் எப்படி வந்தது என்று சற்றே பார்ப்போம்.

இன்று தியாகராய நகர் இருக்குமிடத்தில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பு ஏரி இருந்தது. 1920-களில் அதைத் தூர்த்து, மனைகள் பிரித்து, நடுவில் பூங்கா வைத்து, அதிலிருந்து சாலைகள் பிரியும்படி வெகு அழகாகத் திட்டமிட்டார்கள். அன்று சென்னையில் டிராம் ஓடிக்கொண்டிருந்தது. 1895-ல் தொடங்கிய மின்சார டிராம் 1953 வரையில் ஓடிற்று. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலும் வந்தது. மாம்பலத்தில் இறங்கினால் நடந்தே கடைக்குப் போய்விடலாம். சொந்த மோட்டார் என்பது பெரிய மனிதர்களின் வாசலில் நிற்கும் அலங்காரமாயிருந்தது. தெருக்களை அளந்தவர்கள், பின்னொரு நாள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரும் இரண்டு ஸ்கூட்டரும் இருக்கும் என்று கனவு கண்டிருக்க முடியாது. வீடுகள் அடுக்கு மாளிகைகளாயின, கடைகள் வானளாவின, தெரு மட்டும் அன்று அளந்த அகலத்திலேயே கிடக்கிறது.

வண்டி ஓடும்போது தேவைப்படும் இடத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். நிற்கும்போது அது பிடிக்கும் இடத்தை யாரும் எண்ணுவதில்லை. ஒரு கார் நிற்பதற்கு ஐந்து மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் ஒதுக்குவது வழக்கம். சதுர அடிக் கணக்கில் ஏறக்குறைய 134 ஆகிறது. அதாவது பத்தடிக்குப் பதின்மூன்றடி அறை! தியாகராய நகரில் அப்படி ஓர் அறையை இனாமாகக் கொடுங்கள் என்று கேட்டால் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதே அளவு பூமியைத் தெருவில் தினமும் இனாமாக எடுத்துக்கொள்கிறோம், யாரும் சிரிப்பதில்லை.

அன்றியும், ஓரத்தில் நிற்கும் ஒரு வண்டி தன் இடத்தோடு திருப்தி அடைவதில்லை. இரண்டு வண்டி செல்லும் சாலையில் அது ஒருவர் வழியை முழுவதும் அடைத்துவிடுகிறது. பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் மற்றொரு வழியில் நெருக்கியடித்துப் புக வேண்டியிருக்கிறது. இடம் தேடி ஊர்கிறவர்களோ, போகுமிடம் ஒன்றுமில்லாமலே சாலையை நிரப்புகிறார்கள். இனாமாய்க் கிடைக்கும் இடத்துக்கு உண்மையில் ஊரே விலை கொடுக்கிறது என்பதை அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு ஷூப் 2005-ல் ஒரு பெரிய புத்தகமாகவே எழுதிக் காட்டினார்.

பிற நாட்டார் இதற்கு என்ன செய்தார்கள்? அமெரிக்காவில் ஒக்லஹாமா நகரத்தார் 1935-லேயே காசு போட்டால் நேரம் காட்டும் கம்பங்களைத் தெருவோரத்தில் நட்டார்கள். ஜப்பானில் 1962-ல் ஒரு சட்டம் செய்தார்கள்; வண்டியை நிறுத்தச் சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் இருக்கிறது என்று அத்தாட்சி காட்டுகிறவர்தான் கார் வைத்துக்கொள்ளலாம். லண்டனில் 2003 முதல், நகரத்தின் மையத்துக்குள் மோட்டார் ஓட்டிச் செல்லவே கட்டணம் வாங்குகிறார்கள்.

நாமும் சும்மா இருந்துவிடவில்லை. பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை விஸ்தாரமாக்கி, நடக்கிறவர்களுக்கு மரியாதை செய்தார்கள். வண்டிகளுக்கென்று தணிகாசலம் சாலையில் பல அடுக்குக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். 2015 முதல் மெட்ரோ ரயிலும் ஓடுகிறது. இவ்வளவும் அன்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கட்டடத்தில் வண்டியை விட்டால் கடைக்குப் பத்து நிமிஷம் நடக்க வேண்டுமே! அந்தப் பத்து நிமிஷத்தை மிச்சப்படுத்தத்தான் முக்கால் மணி நேரம் சுற்றி, கடைசியில் சந்து முனையில் நிறுத்தினேன்.

ஜவுளிக் கடையில் பத்து நிமிஷம் என்பது ஐம்பது நிமிஷமாக வளர்ந்தது. பைகளுடன் திரும்பியபோது சந்து முனையில் ஒரே கூட்டம். 108 ஆம்புலன்ஸ் ஒன்று, தலைமேல் விளக்குச் சுழல, சந்துக்குள் திரும்ப முடியாமல் சாலையிலேயே நின்றது. கணக்கு எளிது. தெரு இருபதடி, இரு பக்கமும் ஆறடி ஆறடியாக வண்டிகள் நின்றால் மிச்சம் எட்டடி. எட்டடியில் ஆம்புலன்ஸ் நேராகப் போகும், முனையில் வளையாது. வளைய வேண்டிய அந்த இடத்தில்தான் என் வண்டி நின்றது.

நாலு வாலிபர்கள், உட்கார்ந்த நிலையில் ஒரு கிழவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு சந்தின் உள்ளிருந்து ஓடி வந்தார்கள். அவருடைய கை மார்பைப் பற்றியிருந்தது. கூடவே ஓடி வந்த அம்மாள் யாரையும் திட்டவில்லை. திட்டுவதற்கு அவளுக்கு நேரமில்லை. என் வண்டியின் மேல் ஒரு கையை ஊன்றி, இடுக்கில் உடம்பை நுழைத்துக்கொண்டு போனாள்.

"இந்த வண்டி யாருடையது?" என்று யாரோ உரக்கக் கேட்டார்கள். நான் உடனே பதில் சொல்லவில்லை. அதை இன்று வரையில் என் மனைவியிடம்கூட நியாயப்படுத்திப் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஆம்புலன்ஸுக்கு வழி விடாதவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, பதினாயிரம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று 2019-ம் வருஷத்துச் சட்டத் திருத்தம் சொல்லுகிறது. ஓட்டுகிறவன் வண்டியில் இருந்தால் சங்கின் ஒலி கேட்டு ஒதுங்குவான். வண்டியை விட்டுவிட்டுச் சேலை பார்த்துக்கொண்டிருப்பவன் எப்படி ஒதுங்குவான்? பள்ளிக்கூடத்தில் குடிமைக் கடமைகளைப் பற்றி இருபது வருஷமாகப் பாடம் சொல்லுகிற எனக்கு இந்தக் கேள்வி அன்றுதான் தோன்றிற்று.

ஒரு வாரம் கழித்து நடந்தே அந்தச் சந்துக்குப் போனேன். முனையிலுள்ள கடைக்காரரிடம் தயங்கித் தயங்கி விசாரித்தேன்.

"பெரியவர் பிழைத்துக்கொண்டார், சார். கடவுள் புண்ணியம்" என்றார் அவர். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தினமும் யாராவது நிறுத்தத்தான் செய்கிறார்கள். எல்லாரும் பத்து நிமிஷம் என்றுதான் சொல்லுகிறார்கள்" என்று முடித்தார்.

சாலைகளை அகலமாக்கலாம், அடுக்குக் கட்டடங்கள் இன்னும் பல கட்டலாம், கட்டணமும் வாங்கலாம். இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் சுதந்திர தேசத்தில் தெரு என்பது சர்க்காரின் சொத்தும் அல்ல, முதலில் வந்தவனின் சொத்தும் அல்ல. அவசரமாக அதில் வரப்போகும் முகந்தெரியாத ஒருவருக்கும் அதில் பங்கு உண்டு. அந்தப் பங்கை நாம் அபகரிக்காமல் இருப்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

இப்போது தியாகராய நகருக்குப் போனால் வண்டியை அடுக்குக் கட்டடத்தில் விட்டுவிட்டு நடக்கிறோம். இல்லையேல் மின்சார ரயிலில் போய் மாம்பலத்தில் இறங்குகிறோம். மகள் கால் வலிக்கிறது என்று சில சமயம் முணுமுணுக்கிறாள்.

"பத்து நிமிஷந்தான், அம்மா!" என்று நான் சமாதானம் சொல்லுகிறேன்.