கோவலனுக்கு ஒரு வழக்கறிஞர்

எட்டாம் வகுப்பு நீதித்துறை பாடத்துக்காக, திருவண்ணாமலையில் எங்கள் பள்ளியில் மாதிரி நீதிமன்றம் நடத்தினேன். முதல் முறை நான் செய்த தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

நன்றாகப் பேசுபவர்களை வழக்கறிஞர்களாக்கினேன். “குற்றவாளி யாரு?” என்றதும் வகுப்பே ஒரு மாணவனைக் கைகாட்டியது. பேனா காணாமல் போனால் முதலில் அவன் பையைத்தான் தேடுவார்கள். நானும் யோசிக்காமல் அவன் பெயரை எழுதினேன். அவன் ஒன்றும் பேசாமல் வந்து நின்றான். நீதியைப் பற்றிய பாடத்தில் விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது.

அடுத்த முறை இரண்டு மாற்றங்கள் செய்தேன். ‘குற்றவாளி’ என்ற சொல்லை விலக்கி, ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்றோம். பாத்திரங்களை நேரடியாகக் கொடுக்காமல் தேர்வுச் சுற்று வைத்தேன். சீட்டுக் குலுக்கி, ஒவ்வொருவரும் எதிரெதிரான இரண்டு பாத்திரங்களில் இரண்டிரண்டு நிமிடம் பேச வேண்டும்.

வழக்கு, கோவலனுடையது. சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன் சொன்னதை மட்டும் நம்பி, விசாரிக்காமலே மன்னன் ஆணையிடுகிறான். கண்ணகி வழக்குரைப்பது கோவலன் கொலையுண்ட பிறகு. நடக்காமல் போன அந்த விசாரணையை நாங்கள் நடத்தினோம். பொற்கொல்லன், காவலர், கண்ணகி ஆகியோர் சாட்சிகள்.

முன்னதாக மூன்று விதிகளை விளக்கினேன்.

1. குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியது அரசுத் தரப்பு. அதுவரை எதிரில் நிற்பவர் நிரபராதி.

2. தன் தரப்புச் சாட்சியிடம் முதல் விசாரணையில் விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்பது பொதுவாகக் கூடாது. ‘கோவலன்தானே திருடினான்?’ என்பது தவறு, ‘என்ன பார்த்தீர்கள்?’ என்பது சரி. குறுக்கு விசாரணையில் விடையை வைத்துக் கேட்கலாம். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமும் இதையே சொல்கிறது.

3. கைதானவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேச உரிமை உண்டு (அரசமைப்பின் 22ஆவது உறுப்பு). இலவச சட்ட உதவியை 39அ உறுப்பு வலியுறுத்துகிறது.

குரல் வளத்துக்கு நான் மதிப்பெண் வைக்கவில்லை. வழக்கறிஞரின் அடுத்த கேள்வி, சாட்சியின் பதிலிலிருந்து பிறக்கிறதா? சாட்சி கண்டதை மட்டும் சொல்கிறாரா? நீதிபதி இரு தரப்புக்கும் சம நேரம் தருகிறாரா? இவற்றையே கவனித்தேன்.

அந்த மாணவனுக்கு கோவலனின் வழக்கறிஞர் சீட்டு வந்தது. பௌர்ணமி இரவுகளில் கிரிவலப் பாதையில் அம்மாவின் கடையில் நிற்பவன். எதிராளி சொல்வதைக் கவனித்துக் கேட்கத் தெரிந்தவன். பொற்கொல்லனாக நின்றவள் வகுப்பின் சிறந்த பேச்சாளர்.

“அரசியோட சிலம்புக்குள்ள என்ன பரல்?”

“முத்து.”

“இவர் கொண்டுவந்த சிலம்பை உடைச்சுப் பார்த்தீங்களா?”

“இல்ல.”

“அப்போ அது அரசியோட சிலம்புன்னு எப்படித் தெரியும்?”

அவளிடம் பதில் இல்லை. கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கப் பரல் என்பது வகுப்புக்கே தெரியும்.

முதல் முறை அவனைக் கைகாட்டியவர்களில் ஒருவனுக்குக் கோவலன் சீட்டு வந்தது. பேசி முடித்தவன் சொன்னான்: “நான் எடுக்கலன்னு சொன்னாலும் யாருமே நம்பல டீச்சர்.” வகுப்பு அமைதியானது.

இறுதி விசாரணையில் கோவலனின் வழக்கறிஞர் அந்த மாணவனே. அன்று யோசிக்காமல் அவன் பெயரை எழுதியது என் தவறு என்று அவனிடம் சொன்னேன். “பரவால்ல டீச்சர்” என்றான்.

தேர்வுச் சுற்றுக்கு இரண்டு பாடவேளை, விசாரணைக்கு ஒன்று போதும். தொடக்க வகுப்புகளுக்குப் பாட்டி வடை சுட்ட கதை பொருந்தும்: காகம் ஒரு முறை குற்றம் சாட்டப்பட்டதாகவும், நரியால் ஏமாந்து புகார் கொடுப்பதாகவும் நிற்கட்டும். பள்ளியில் உண்மையில் நடந்த சம்பவத்தை மட்டும் வழக்காக எடுக்க வேண்டாம். அது ஒரு குழந்தையை மறுபடியும் காயப்படுத்தும்.

சில நாள் கழித்து வகுப்பில் ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ் காணவில்லை. யாரோ வழக்கம்போல் அவன் பையை எடுக்கப் போனார்கள். பொற்கொல்லனாக நடித்தவள் எழுந்து கேட்டாள்: “யார் பார்த்தது?”