எண்ணெய் கழுவும் கலம்

இம்மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த மலர்க்குழுவினர், தமிழாசிரியனாகிய யான் சங்கப் பாடலொன்றன் நயத்தையே எழுதித் தருவேன் என எண்ணியிருத்தல் கூடும். ஆயின் அண்மைய ஆண்டுகளில் என் விரல்களிற் படிந்தது மையினும் எண்ணெயே மிகுதி. 2022 ஆம் ஆண்டில் இலங்கை முழுவதும் எரிபொருளுக்கு மக்கள் நெடுவரிசையில் நின்ற காலத்து, தோட்டஞ் செய்யும் என் மைத்துனர் தம் இருசில்லு உழவு இயந்திரத்தை ஓட்ட வழி தேடினார். கடைகளில் வடையும் வாய்ப்பனும் பொரித்துக் கழித்த எண்ணெயை வாங்கி, உயிரி டீசல் ஆக்கத் தொடங்கினார். மாலை வேளைகளில் யான் அவருக்குக் கையாளாயினேன். அதனை ஆக்கும் முறையை யாம் கண்ட நூல்கள் விரிவாகவே கூறின. ஆக்கியதைத் தூய்மை செய்யுங் கலத்தை எங்ஙனம் தூய்மையாக வைத்திருப்பது என்பதையோ அவை ஓரிரு வரிகளிற் கடந்து சென்றன. யாம் இடர்ப்பட்டதும் அவ்விடத்திலேயே.

தாவர எண்ணெயால் இயந்திரம் ஓட்டுதல் புதிய எண்ணமன்று. 1900 ஆம் ஆண்டு பாரிசுப் பொருட்காட்சியில் டீசல் இயந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயால் ஓடிற்று. எனினும் எண்ணெய் தடிப்பு மிக்கது. நுண்டுளை வழியே நன்கு சிதறாது. 1937 இல் பெல்சிய நாட்டுச் சவான் என்பார், எண்ணெயை மதுசாரத்தோடு வினைபுரியச் செய்து எசுத்தராக மாற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டு, பனையெண்ணெயிலிருந்து அங்ஙனம் ஆக்கிய எரிபொருளால் பிரசெல்சுக்கும் லூவெனுக்கும் இடையே பேருந்தொன்று ஓடியது. பனை என்றதும் நம்மூர்ப் பனையென மயங்கற்க. அஃது ஆபிரிக்க எண்ணெய்ப்பனை.

இன்று வீடுகளிற் செய்வோர் பெரும்பாலும் மெதனோலையே கொள்வர். 100 லீற்றர் எண்ணெய்க்கு ஏறத்தாழ 20 லீற்றர் மெதனோல். அதிலே கரைத்த சிறிதளவு எரிசோடா. இளஞ்சூட்டிற் கலக்கி ஓரிரவு விட்டால் கரிய கிளிசரீன் அடியில் தங்கும். மேலே தேனிறத்தில் எரிபொருள் நிற்கும். பார்வைக்கு அது தெளிந்தே தோன்றும். ஆனால் எஞ்சிய மெதனோலும், காரமும், சிறிது கிளிசரீனும், வினையிடையே உண்டான சவர்க்காரமும் அதனுட் கரந்து நிற்கும். இவை இயந்திரத்தினுட் சென்றால் எரிபொருள் தெளிக்கும் துளைகளில் மாசு படியும். ஆதலின் வேறொரு பீப்பாயில் இட்டு, மேலிருந்து நீரை மென்றூவலாகப் பெய்து மூன்று நான்கு முறை கழுவ வேண்டும். முதல் நீர் பால்போல் வரும். கடைசி நீர் தெளிந்து வரும்.

முதல் ஆறு முறையும் எமக்குக் குறையொன்றும் நேரவில்லை. ஏழாம் முறை ஆக்கிய எரிபொருளோடு உழச் சென்ற இயந்திரம் நடுவயலில் நின்றுவிட்டது. வடியைக் கழற்றினால், தாளின் மடிப்பெல்லாம் சாம்பல் வெண்மையான வழுவழுப்பு. மைத்துனர் எண்ணெய் விற்ற கடைக்காரரை நொந்துகொண்டார், யானும் உடன்பட்டேன். அது பிழை. கழுவும் பீப்பாயைச் சரித்து உள்ளே விளக்கொளி பாய்ச்சியபோது உண்மை தெரிந்தது. வெளியேற்றுங் குழாயை நாம் அடியிலிருந்து நாலு விரல் மேலே பொருத்தியிருந்தோம். அதன் கீழ் நின்ற நீர் ஒருபோதும் வெளியேறவில்லை. அந்நாலு விரல் அளவும் தயிர்போன்ற பசை, சுவரெங்கும் வெண்படை. கழுவித் தெளிந்த எரிபொருள் ஒவ்வொரு முறையும் அதன்மேலேயே நின்று, அதிற் சிறிதை ஏற்றுக்கொண்டு இறங்கியிருக்கின்றது.

வெண்படை வந்த காரணத்தை நம் மாணவர் அறிவது நன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். நம் கிணற்றுநீர் வன்னீர். அதிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து நீரிற் கரையாத படிவாகின்றது. கிணற்றடியிற் குளிக்குங்கால் சவர்க்காரம் நுரைக்க மறுப்பதும் இதனாலேயே. வெறும் நீரால் எத்துணை தேய்ப்பினும் அப்படை போகாது.

யாம் கண்ட முறை இது. கலம் ஒழிந்தவுடன், பசை காயுமுன், வெந்நீரால் அலம்பிச் சவர்க்காரத்தை நீக்குக. பின் சமையலுக்குக் கொள்ளும் வினாகிரியை இளஞ்சூடாக்கிச் சுவரில் தடவி ஊறவிடுக. அமிலம் கல்சியத்தைக் கரைத்துக்கொள்ளும். கொழுப்பு மட்டும் பிரிந்து சுவரில் நிற்கும். நீரால் அலம்பியபின், ஐதான எரிசோடாக் கரைசல் அக்கொழுப்பை நீக்கும். இரண்டையும் ஒருங்கே ஊற்றுவோர் ஒன்றை ஒன்றால் அழித்து இரண்டையும் வீணாக்குவர். எரிசோடாவைத் தொடும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஈற்றில் மழைநீரால் அலம்புக. அவ்வலம்பிய நீரிற் சிறிது போத்தலில் எடுத்துக் குலுக்கினால், நுரை நில்லாது அடங்க வேண்டும். அடங்காவிடின் கலம் இன்னும் தூய்மையுறவில்லை. அன்றுமுதல் எரிபொருள் கழுவுவதற்கும் மழைநீரையே சேர்த்துவைக்கின்றோம். குழாயையும் அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டோம்.

தூவும் வாயின் துளைகள் அடைபட்டால் ஊசியாற் குத்தலாகாது. துளை அகன்று, தூவல் தாரையாகிவிடும். தாரை விழுந்து கலக்கினால், சவர்க்காரம் மிகுந்த எரிபொருளும் நீரும் பிரியாத குழம்பாகும். வினாகிரியில் ஓரிரவு ஊறவிடலே போதும். பித்தளைக் குழாய்வாயும் நாகம் பூசிய வாளியும் இவ்வேலைக்கு ஆகா. செம்பும் நாகமும் எரிபொருளை விரைவிற் கெடுத்துப் பசையாக்கும். இயற்கை இறப்பர் வளையங்கள் ஊதி நெகிழும். அலுமினியப் பாத்திரத்தில் எரிசோடா பட்டால் ஐதரசன் வாயு எழும்.

நீரின்றி, அயன் பரிமாற்றப் பிசின்மணிகள் நிறைந்த உருளை வழியே எரிபொருளை ஒழுகவிடுவோரும் உளர். அவ்வுருளையில் மணிகள் பருப்பதற்கு மேலே வெற்றிடம் விடவேண்டும். மணிமேற் படியும் கிளிசரீனை மெதனோலால் அலம்பி நீக்கலாம். அம்முறையை யாம் செய்து பார்த்ததில்லை.

வடியைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியும் வழக்கம் என்னிடம் இருந்தது. எண்ணெய் ஊறிய துணியும் மரத்தூளும் காற்றோடு மெல்ல வினைபுரிந்து சூடேறி, குவியலாயின் தாமே தீப்பற்றவும் கூடும். சோயா, சூரியகாந்தி எண்ணெய்களில் இவ்விடர் மிகுதி, தேங்காயெண்ணெயிற் குறைவு. கடை எண்ணெயில் எது கலந்தது என யார் அறிவார்? துணியை நீரில் நனைத்து மூடியுள்ள தகரப் பேணியில் இடுகின்றோம். மெதனோல் இருந்த வெறுங்கலம் நிறைகலத்தினும் கொடியது. அதனுள் நிற்பது தீப்பற்றும் ஆவி. அச்சுடர் பகலிற் கண்ணுக்குப் புலப்படுவதும் அரிது. உட்கொண்டால் மெதனோல் கண்ணைக் குருடாக்கும், உயிரையும் போக்கும். ஆதலின் அக்கலங்களைக் கழுவும் வேலையிற் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை.

கழுவிய நீரை எங்கே விடுவது என்பதே நம் நாட்டில் இறுதிச் சிக்கல். வெடிப்புகள் மலிந்த சுண்ணாம்புக்கல்லில் ஊற்றியது அயலார் கிணற்றில் ஊறும். 2014, 2015 ஆம் ஆண்டுகளிற் சுன்னாகச் சூழலில் கிணற்றுநீரில் எண்ணெய் கலந்ததென எழுந்த அச்சத்தை நாம் மறந்திலோம். எனவே கடைசிமுறை கழுவிய தெளிநீரை அடுத்த தொகுதியின் முதற்கழுவலுக்கு வைத்துக்கொள்கின்றோம். பால்நீரை மட்டும் வீட்டிலிருந்தும் நெருப்பிலிருந்தும் தொலைவில், சீமெந்துத் தொட்டியில் வெயிலில் வற்றவிடுகின்றோம். மாரிகாலத்தில் அது வற்றாது. ஆதலின் கார்த்திகை, மார்கழியில் எரிபொருள் ஆக்குவதை நிறுத்தி, பீப்பாயைக் கழுவிக் கொட்டிலினுட் கவிழ்த்து வைத்துவிடுகின்றோம்.