மாஸ்கோ சென்ற லேசர்

சூரியனுக்குள் நிகழும் அணுப்பிணைவைப் பூமியில் ஓர் உலோகக் கலத்துக்குள் நிகழ்த்த முயலும் பரிசோதனை விஞ்ஞானியின் வாழ்க்கை எத்தகையது என்று அறிய விரும்புவோர், இங்கிலாந்தின் டெரெக் ராபின்சனுடைய சரித்திரத்தை நோக்குவது உத்தமம்.

1968இல் நோவோசிபிர்ஸ்க் நகரில் நடந்த அணுப்பிணைவு மகாநாட்டில், லெவ் ஆர்த்சிமோவிச் தலைமையிலான சோவியத் விஞ்ஞானிகள், மாஸ்கோவிலிருந்த தங்கள் 'டி-3' டோகமாக் என்னும் வளைய வடிவ அணுப்பிணைவுச் சாதனத்தில் காந்தப் புலத்தால் கட்டுண்ட பிளாஸ்மா (எலெக்ட்ரான்கள் பிரிந்த வாயு) சுமார் ஒரு கோடி டிகிரி உஷ்ணத்தை எட்டியதென அறிவித்தபோது, மேல்நாட்டார் பலர் நம்பவில்லை. அத்தகைய உஷ்ணத்தை எந்த உஷ்ணமானியும் தாங்காதாகையால், லேசர் ஒளியைப் பாய்ச்சி, எலெக்ட்ரான்களில் பட்டுச் சிதறும் ஒளியின் அலைநீளம் எவ்வளவு பரந்து விரிகிறதென்று பார்த்தே அதைக் கணிக்கவேண்டும். எலெக்ட்ரான்களின் வேகம் மிக மிக அவ்விரிவும் மிகும். இவ்வித்தையில் தேர்ந்த, இங்கிலாந்தின் கல்ஹாம் ஆராய்ச்சிக்கூடத்துக் குழுவினர், பனிப்போரின் பகைமை தணியாத அக்காலத்திலேயே, ஆர்த்சிமோவிச்சின் அழைப்பை ஏற்று, டன் கணக்கான கருவிகளுடன் மாஸ்கோவுக்குப் பிரயாணமாயினர். முப்பது வயது நிரம்பாத ராபின்சனும் அவர்களுள் ஒருவர்.

1969இல் அவர்களுடைய அளவீடு சோவியத் கூற்றை மெய்ப்பித்தது. தம் சாதனத்தைச் சந்தேகித்தவர்களுக்கே அதன் கதவைத் திறந்துவிட்ட ஆர்த்சிமோவிச்சின் பெருந்தன்மையை, அந்த அளவீட்டுக்குச் சற்றும் குறையாத சாதனையாகவே நான் மதிக்கிறேன். விரைவிலேயே அமெரிக்காவின் பிரின்ஸ்டன் முதலிய ஆராய்ச்சிக்கூடங்கள் டோகமாக்கைத் தழுவின. ராபின்சனோ பிற்காலத்தில் கல்ஹாமின் தலைமையையே ஏற்று, 2002இல் காலமாகும்வரை அப்பணியிலேயே இருந்தார்.