கார்புரேட்டரைக் கழற்றும் முன்

பழைய கார்கள் - 9

சென்ற வாரம் பாயின்ட்டையும் கண்டென்சரையும் பார்த்தோம். தீப்பொறி நன்றாக வந்தும் பத்மினி திணறுகிறதென்றால் இனி பெட்ரோல் பக்கம் வரலாம். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். பானட்டைத் திறந்ததும் கார்புரேட்டரைக் கழற்றுகிறார்கள், அல்லது மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திருகுகிறார்கள். பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோல் வண்டியின் நீளம் முழுக்கக் கடந்து வருகிறது. அந்த வழியைப் பார்க்காமல் கார்புரேட்டரில் கை வைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமானவன்.

எப்போது நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ஊருக்குள் ஒழுங்காக ஓடிய வண்டி, நெடுஞ்சாலையில் வேகம் பிடித்தபின் துவண்டு நிற்கும். சற்று நேரம் விட்டால் மறுபடி கிளம்பும். அப்போது டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறைந்த இடத்துக்குக் காற்று வராததால் பம்பால் இழுக்க முடியவில்லை. துளையைச் சுத்தம் செய்தால் போதும். அது சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் ஃபில்டரும் டேங்கின் அடியில் படிந்த துருவும்.

பிறகு பெட்ரோலை இழுக்கும் ஏசி பம்ப். எஞ்சின் ஆறியபின் காயில் வயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பெட்ரோல் விட்டுவிட்டுப் பீய்ச்சியடிக்க வேண்டும். வழியில் அடைப்பில்லாமலும் வெறுமனே சொட்டினால் டயாப்ரமோ வால்வோ போய்விட்டது. டயாப்ரம் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலிலும் கலக்கும். டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்கள். ஆயில் மட்டம் ஏறி, பெட்ரோல் வாடையும் அடித்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். நீர்த்த ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும். கத்திரி வெயில் நெரிசலில் மட்டும் நின்றால் அது வேப்பர் லாக், அதாவது சூட்டில் பெட்ரோல் வழியிலேயே ஆவியாகிவிடுவது. பம்பின் மேல் ஈரத்துணி போடும் பழைய டாக்சிக்காரர்களின் வைத்தியம் இன்றும் பலிக்கிறது.

இவ்வளவும் சரியென்றால் கார்புரேட்டருக்கு வரலாம். ஓடும்போதே சோக்கைக் கொஞ்சம் இழுங்கள். எஞ்சின் தெளிந்தால் பெட்ரோல் போதவில்லை, அல்லது கேஸ்கட் வழியே காற்று நுழைகிறது. இன்னும் மோசமானால் பெட்ரோல் அதிகம். கரும்புகையும் பெட்ரோல் நாற்றமும் சேர்ந்தால் ஃப்ளோட்டையும் நீடில் வால்வையும் பாருங்கள். பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கினால் உள்ளே பெட்ரோல் அலம்பும் சத்தம் ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும். ஐடிலில் மட்டும் அணைந்தால் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கலாம். தயவுசெய்து ஜெட்டில் கம்பியோ ஊசியோ விடாதீர்கள். அந்தத் துளை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு வரை கணக்குப் பார்த்துப் போட்டது. காற்றடித்தால் போதும்.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது: 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கலவைக்கு ஏறத்தாழ 13.5. வெறும் பெட்ரோலுக்காக அளவெடுத்த பழைய ஜெட் இதற்குப் போதாது. வண்டி இழுக்காது, சூடேறும். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை ஊறவைத்து உதிர்க்கிறது, டேங்க் அழுக்கைக் கிளப்பி ஃபில்டருக்கு அனுப்புகிறது, ஈரத்தையும் உறிஞ்சுகிறது. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கலாம். பம்ப் முதலில் இழுப்பது அதைத்தான். ஊரெங்கும் பழைய கார்கள் காரணம் தெரியாமல் ஓரங்கட்டப்படுவதைப் பார்க்கையில் மனம் கொதிக்கிறது. இவற்றைக் காப்பாற்ற முடியும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றுங்கள், புது ஃபில்டரைச் சீக்கிரமே மறுபடி மாற்றுங்கள், ஓட்டாத வண்டியில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள். மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கி, சில நாள் ஓட்டியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிறியிருந்தால் இன்னும் போதவில்லை. கரி படிந்திருந்தால் கூடிவிட்டது. காப்பிப்பொடி நிறமென்றால் அந்த ஜெட்டையே வைத்துக்கொள்ளலாம்.

(அடுத்த வாரம்: ரேடியேட்டர்)